ஆட்சேபனை மனுவில் யாருடைய கையொப்பம் செல்லும்?

வீதி அகலிப்பு, பஸ் நிலைய விஸ்தரிப்பு என்று நகரில் ஒரு பேச்சுக் கிளம்பினால் நமது வர்த்தகர்கள் முதலில் செய்யும் வேலை கையொப்பம் சேர்ப்பதுதான். மத்திய வீதியிலிருந்து உட்துறைமுக வீதி வரை கடைக்குக் கடை ஏறி இறங்கி இருநூறு பேரிடம் வாங்கிவிடுவார்கள். உள்ளூராட்சி சபையிடமும் எம்.பி.யிடமும் கொடுக்க அது போதும். ஆனால் காணியைச் சுவீகரிப்பதற்கு எதிரான ஆட்சேபனை என்று வந்துவிட்டால் கையொப்பமிட்டவருக்கு அந்தக் காணியில் என்ன உரித்து என்றுதான் சட்டம் கேட்கும்.

1950 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கக் காணி சுவீகரிப்புச் சட்டத்தையே இங்கு பார்க்கவேண்டும். முதலில் 2 ஆம் பிரிவின் கீழ் சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் அறிவித்தல் ஒட்டப்படும். காணி பொருத்தமானதா என்று அளந்து பார்ப்பதற்கான அறிவித்தல் அது. என்ன பொதுத் தேவைக்காக என்பதை அதிலேயே சொல்லவேண்டும் என்று மனெல் பெர்னாண்டோ வழக்கில் 2000 ஆம் ஆண்டு உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. காரணம் தெரியாமல் எதை ஆட்சேபிப்பது?

அடுத்து வருவது 4 ஆம் பிரிவு அறிவித்தல். ஆட்சேபனைக்குரிய இடம் இதுதான். அறிவித்தலில் குறிப்பிடப்படும் அமைச்சின் செயலாளருக்கு எழுத்தில் அனுப்பவேண்டும். அதற்குத் தரப்படும் காலம் 14 நாட்களுக்குக் குறையக்கூடாது. ஆட்சேபித்தவரை நேரில் அழைத்து விசாரிக்கவும் வேண்டும்.

யார் ஆட்சேபிக்கலாம்? "அக்கறையுடைய ஆட்கள்" என்கிறது சட்டம். சொந்தக்காரர், கூட்டுச் சொந்தக்காரர், ஈடு பிடித்தவர், குத்தகைக்காரர், பிறருக்காக நம்பிக்கைப் பொறுப்பில் வைத்திருப்பவர், அக்காணியில் வழியுரிமை போன்ற உரிமை உள்ளவர் எல்லோரும் இதில் அடங்குவர். ஆனால் மாத வாடகைக்கு இருப்பவர் அடங்கமாட்டார் என்று சட்டம் வெளிப்படையாகவே விலக்கிவிட்டது. முப்பது வருடம் ஒரே கடையில் வியாபாரம் செய்தவராக இருந்தாலும் சரிதான்.

நம்மவர்கள் பலர் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். "என்னிடம் ஐந்து வருட எக்ரிமன்ட் இருக்கிறது, நாநா" என்றார் ஒரு துணிக்கடைக்காரர். வாங்கிப் பார்த்தேன். முத்திரைத் தாளில் எழுதி சமாதான நீதவானின் சீல் குத்தப்பட்டிருந்தது. 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன் இரு சாட்சிகளுடன் எழுதப்பட்டால்தான் செல்லும். இல்லாவிட்டால் கையில் ஐந்து வருடத் தாள் இருந்தாலும் சட்டத்தின் கண்ணில் அவர் மாத வாடகைக்காரரே. இலட்சக்கணக்கில் கீ மணி கொடுக்கத் தயங்காதவர்கள் நொத்தாரிசுக் கட்டணத்துக்குக் கணக்குப் பார்ப்பது எனக்கு விளங்குவதில்லை.

இன்னொன்று நமது வீட்டு விடயம். கிண்ணியா, மூதூர்ப் பக்கமெல்லாம் மகளுக்கு வீடு எழுதிக் கொடுப்பது வழக்கம். அந்த வீட்டு முன்புறத்தில் கடை போட்டிருப்பவர் மருமகன். பெயர்ப்பலகை அவருடையது, உறுதி மனைவியுடையது. எனவே ஆட்சேபனையில் மனைவியே கையொப்பமிட வேண்டும். வாப்பா மௌத்தாகிப் பிரிக்கப்படாமல் கிடக்கும் காணியென்றால் ஒவ்வொரு வாரிசும் கூட்டுச் சொந்தக்காரரே. கட்டாரில் இருக்கும் தம்பிக்காக அண்ணன் கையொப்பமிடுவதானால் அற்றோணித் தத்துவம் வேண்டும். பள்ளிவாசலின் வக்பு கடைகளுக்கு நம்பிக்கைப் பொறுப்பாளர்கள் கையொப்பமிட வேண்டும். அக்கடைகளை மாத வாடகைக்கு எடுத்திருப்பவர்கள் நேரத்தோடு அவர்களைச் சந்தித்து எழுத வைப்பது நல்லது.

சோலைவரி விடயத்தில் நிலைமை வேறு. மாநகர சபைகள் கட்டளைச் சட்டத்தின்படி, மதிப்பீட்டு அறிவித்தல் கிடைத்து ஒரு மாதத்துக்குள் எழுத்தில் ஆட்சேபிக்கலாம். மதிப்பீட்டுப் புத்தகத்தைச் சொந்தக்காரர் மட்டுமன்றி அந்தக் கட்டடத்தைப் பயன்படுத்துபவரும் பார்வையிடலாம்.

உறுதியும் இல்லை, குத்தகையும் இல்லை என்பவருக்கு எல்லாக் கதவும் மூடியதல்ல. பத்தரமுல்லையில் பொதுத் தேவைக்கென்று சுவீகரித்த காணி கோல்ப் மைதானத்துக்குப் போனதை எதிர்த்து இரண்டு பிரஜைகள் பொதுநலன் கருதி உயர் நீதிமன்றம் சென்றார்கள். 2008 ஒக்டோபரில் தீர்ப்பு அவர்கள் பக்கம் வந்தது. அரசியலமைப்பின் 126 ஆம் உறுப்புரையின் கீழான அந்த வழி செலவானது. அதற்கும் உரிமை மீறப்பட்டு ஒரு மாதமே அவகாசம். அவசரம் என்று அமைச்சர் 38 ஆம் பிரிவின் கீழ் கட்டளையிட்டுவிட்டால் 14 நாட்களும் கையில் இருக்காது. வழக்கறிஞரிடம் அன்றே ஓடவேண்டும்.

ஆட்சேபனை எழுதும்போது ஒவ்வொரு பெயருக்கும் நேரே உறுதி இலக்கம், திகதி, காணியில் என்ன உரித்து என்பதை எழுதி, உறுதிப் பிரதியையும் இணையுங்கள். மாத வாடகைக்காரரின் பெயர்களை இதில் கலக்காமல் தனிக் கடிதமாகப் பிரதேச செயலாளருக்குக் கொடுங்கள். உறுதி இல்லாதவர்களின் பாதிப்பையும் கவனிக்கவேண்டும் என்பது 2001 இல் அமைச்சரவை அங்கீகரித்த மீள்குடியமர்த்தல் கொள்கை. அந்தக் கடிதத்தில் அதைக் குறிப்பிடலாம். இரண்டையும் பதிவுத் தபாலில் அனுப்பிப் பற்றுச்சீட்டை உறுதியோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.