முகாமையும் கணினியும்

முகாமையாளர் என்றதும், அறிக்கைகளை மேசைமீது பரப்பி ஆழ்ந்து சிந்திக்கும் ஒருவரே நம் மனக்கண்முன் தோன்றுவர். கனடா நாட்டறிஞர் ஹென்றி மின்ற்ஸ்பேர்க், தலைமை நிருவாகிகள் ஐவரை, ஒருவருக்கு ஒரு வாரமாக உடனிருந்து நோக்கி, 1973 இல் வெளியிட்ட நூல் இவ்வெண்ணத்தைத் தகர்த்தது. அவர்தம் கருமங்களுட் பாதி ஒன்பது நிமிடத்துக்குள் முடிந்தன. நேரத்தில் 78 வீதம் பேச்சிலேயே கழிந்தது.

தகவல் தொழினுட்பமோ, பெரும்பாலும் எழுத்தாகவும் எண்ணாகவும் பதிந்தவற்றையே தொகுத்துத் தருவது. அதனை மேன்மேலும் குவித்தல் உதவியாகுமா? முகாமையாளர் தகவற் பஞ்சத்தினும், பயனிலாத் தகவலின் மிகுதியாலேயே பெரிதும் இடர்ப்படுகின்றனர் என அமெரிக்க அறிஞர் றசல் அக்கோவ் 1967 இலேயே எழுதினார். இன்றும் பொறியை முதலில் வாங்கிவிட்டு, அதற்கேற்ப மனிதரை வளைக்க முயல்வோரே பலர்.

ஆயினும் பொருத்தம் இயலாததன்று. இங்கிலாந்தின் லயன்ஸ் நிறுவனம் 1951 இல் ‘லியோ’ என்னும் தன் கணினியை வணிகக் கணக்குக்குப் பயன்படுத்தத் தொடங்கிற்று. பின்னர், அந்நிறுவனத் தேநீர்ச்சாலைகளின் நாளாந்தக் கட்டளைகளும் அதனிடம் ஒப்புவிக்கப்பட்டன. ஒவ்வொரு சாலைக்கும் நிலையான கட்டளை ஒன்று உண்டு. அதனை நடத்தும் பெண்மணி தொலைபேசியிற் கூறவேண்டியது மாற்றங்களை மட்டுமே. பேச்சு அவருக்கு இயல்பான கருவியன்றோ! அவற்றைத் துளையட்டையிற் பதிவது தலைமையகத்தார் வேலை; கணக்கிடுவது கணினியின் வேலை. வானம் இருண்டுவரக் கண்டு, நாளைக்குக் கேக்கைக் குறைப்பதா கூட்டுவதா என்னும் தீர்ப்பு அப்பெண்மணியிடமே இருந்தது.