ஒலித்திரிப்புப் பெட்டியும் அதன் சுற்று வரிப்படமும்

மின் கிற்றார் வாசிக்கும் இளைஞர் தம் காலடியில் வைத்து மிதிக்கும் சிறு பெட்டியைக் கல்லூரி இசைவிழாக்களிற் காணாதார் இன்று அரியர். மிதித்த கணமே தந்தியின் தெளிந்த நாதம் கரகரத்து, தடித்து, நெடிது நின்று ஒலிக்கும். செவிக்கு அது இனிதோ அன்றோ என்பது வேறு வழக்கு. எம் வயதினர் சிலர் அதனைக் கேட்டதும் எழுந்து வெளியே செல்வதைக் கண்டுள்ளோம். ஆயினும் பௌதிகம் கற்கும் மாணவனுக்கு இதனிலும் மலிவான பாடநூல் கிடைத்தல் அரிது.

இவ்விடயத்தில் யாம் தலையிட நேர்ந்த காரணத்தை முதலிற் கூறிவிடுகின்றோம். நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன் முதலியோரின் பொப்பிசை நாடெங்கும் பரவிய 1970 களிற் கிற்றார் பழகிய வகுப்புத் தோழர் ஒருவர் எமக்கிருந்தார். 1983 இன் பின் கண்டியை விட்டுக் கடல்கடந்து சென்றபோது, தம் கிற்றாரையும் வட்ட வடிவான திரிப்புப் பெட்டியொன்றையும் எம்மிடம் ஒப்படைத்தார். அவர் மீண்டு வரவில்லை. அண்மையில் அவர் மகள் இங்கு வந்து, தந்தையின் வாத்தியத்தைப் பழைய மாணவர் ஒன்றுகூடலிலே தாமே வாசிக்க விரும்பினார். கிற்றார் பேசிற்று, பெட்டி ஊமையாயிருந்தது. நகரத்துத் திருத்துநர் ஒருவர், “வரிப்படம் இருந்தாற் பார்க்கலாம் ஐயா, இல்லாவிட்டால் எறிந்துவிடுங்கள்” என்றார். எறிய மனம் வரவில்லை.

வரிப்படத்தைத் தேடுமுன் பெட்டி யாது செய்கின்றது என்பதை அறிதல் வேண்டும். தந்தி அதிரும்போது காந்தச் சுருளில் எழும் அழுத்தம் பெரும்பாலும் ஓர் உவோற்றிலும் குறைந்ததே. திரான்சிற்றர் அதனைப் பன்மடங்கு பெருப்பிக்கின்றது. பற்றரியோ 9 உவோற்று. அவ்வெல்லையைத் தாண்ட முயலும் அலையின் முடி மழுங்கும். வீடு கட்டுவோர் எம் மலைநாட்டுக் குன்றின் உச்சியைச் சமதளமாக வெட்டுவது போன்றதே இது. வேறு சில பெட்டிகளில் இவ்வேலையை இருவாயிகள் செய்யும். சிலிக்கன் இருவாயி ஏறக்குறைய 0.6 உவோற்றிலும், ஜேர்மானியம் அதனிற் பாதிக்கும் குறைவான அழுத்தத்திலும் கடத்தத் தொடங்கி அலையை வெட்டும். மேலும் கீழும் ஒப்ப வெட்டப்படின் மூல மீடிறனின் 3, 5, 7 எனும் ஒற்றை மடங்குகள் மிகும். ஒரு பக்கம் கூடுதலாக வெட்டப்படின் இரட்டை மடங்குகளும் சேரும். கரகரப்பு எனச் செவி உணர்வது இம்மேற்றொனிகளையே.

இவ்வொலி முதலிற் பழுதாகவே பிறந்தது. 1961 இல் வெளிவந்த மாட்டி றொபின்ஸின் பாடலொன்றை அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் ஒலிப்பதிவு செய்தபோது, பதிவுக் கருவியின் ஒரு பகுதி பழுதுற்றுத் தாழ்சுரக் கிற்றாரின் ஒலி சிதைந்தது. பொறியாளர் கிளென் ஸ்னொடி அப்பழுதைத் திரான்சிற்றர்களாற் செயற்கையாக ஆக்கினார். கிப்சன் நிறுவனம் அதனை 1962 இல் மேஸ்ற்றோ எனும் பெயரில் விற்பனைக்கு விட்டது. 1965 இல் றோலிங் ஸ்ரோன்ஸ் குழுவினரின் பாடலில் ஒலித்த பின்னரே வாங்குவோர் பெருகினர். அவ்வாண்டே வழங்கப்பட்ட ஆக்கவுரிமைப் பத்திரத்திற் சுற்று வரிப்படமும் உண்டு. ஆக்கவுரிமைப் பத்திரங்கள் எவரும் பார்த்தற்குரியவை. வரிப்படம் தேடுவோர் பலர் இவ்வாயிலை மறந்துவிடுகின்றனர். தொழிற்சாலைகள் திருத்துநருக்கென வெளியிட்ட குறிப்பேடுகளும், 1975 இல் வெளிவந்த கிறெயிக் அண்டர்ட்டனின் நூலைப் போன்றவையும் துணை செய்யும்.

ஆயின் பெயர் ஒன்றானாற் சுற்றும் ஒன்றே என எண்ணுதல் பெரும்பிழை. பொஸ் நிறுவனத்தின் டி.எஸ்.-1 என்னும் பெட்டி 1978 இல் வந்தபோது தொஷிபாவின் தொகையிடு சுற்றொன்றைக் கொண்டிருந்தது. பின்னர் அது மாற்றப்பட, சூழவுள்ள உறுப்புக்களும் மாறின. எம் கையிலிருந்த வட்டப் பெட்டி, இலண்டனில் ஆபிட்டர் நிறுவனம் 1966 இல் வெளியிட்ட ஃபஸ் பேஸின் வகையினது. அதன் முதல் வடிவத்தில் ஜேர்மானியம் பீ.என்.பீ. திரான்சிற்றர்கள், பற்றரியின் நேர்முனை உலோகக் கூட்டுடன் இணையும். பிற்காலச் சிலிக்கன் என்.பீ.என். வடிவத்திலோ எதிர்முனை இணையும்.

யாம் முதலிற் பெற்றது சிலிக்கன் படம். அதனை நம்பி, தோழரின் மகளுடைய புதிய பெட்டியொன்றையும் இதனையும் ஒரே மின்வழங்கியிற் கொளுவினோம். ஒன்றின் கூடு நேர்முனை, மற்றையதன் கூடு எதிர்முனை. இரண்டையும் இணைத்த கம்பியின் வெளியுறை வழியே வழங்கி குறுஞ்சுற்றாயிற்று. புகை எழுந்தது. அப்பிள்ளை ஒன்றும் கூறவில்லை. எமக்கோ அன்றிரவு உறக்கம் வரவில்லை.

அதன்பின் படத்தை விட்டுப் பலகையையே வாசித்தோம். உறுப்புக்கள் பதினொன்றே: இரு திரான்சிற்றர், நான்கு தடையி, மூன்று கொள்ளளவி, இரு மாறுந் தடையி. செப்புப் பக்கம் உறுப்புப் பக்கத்தின் கண்ணாடி விம்பமாகத் தோன்றும் என்பதை மறவற்க. பின்னால் விளக்கைப் பிடித்து வரைந்தாற் குழப்பம் நீங்கும். வரைந்து முடிந்ததும் ஜேர்மானியப் படத்துடன் அது பொருந்திற்று. புதிய பற்றரியிட்டு அளந்தோம். இரண்டாந் திரான்சிற்றரின் சேகரிப்பானில், கூட்டைக் குறித்து, எதிர் 4.5 உவோற்று அளவில் இருந்தது. அஃது இருக்கவேண்டிய அளவே. எனவே திரான்சிற்றர்களும் தடையிகளும் நலம். நேரோட்டம் நலமாயிருக்க ஒலி மட்டும் செல்லாதாயின், ஐயம் ஒலியைக் கடத்தும் கொள்ளளவிகள் மீதே விழும். உள்வாயிலிலுள்ள 2.2 மைக்குரோபரட்டு மின்பகு கொள்ளளவி பல்லாண்டுகளில் உலர்ந்து போயிருந்தது. புதியதொன்றைக் கொழும்புப் புறக்கோட்டை முதலாங் குறுக்குத் தெருவில் வாங்கினோம். விலை, பேருந்துக் கட்டணத்தில் ஒரு சிறு பங்கு.

ஒன்றுகூடலன்று இரவு பெட்டி முழங்கிற்று. எழுந்து வெளியே செல்லும் முதியோருள் இருவர் அன்று இருக்கையிலேயே இருந்தனர். மறுவாரம் அப்பிள்ளை கொழும்பிலிருந்து எழுதினார்: “மாமா, மத்தியான வெயிலில் சத்தம் மெலிந்துபோகிறது.” ஜேர்மானியத்தின் கசிவோட்டம் வெப்பத்தோடு ஏறும், கண்டியின் குளிரிரவில் நின்ற அளவு அங்கு நில்லாது. பெட்டியை நிழலில் வைத்து, மாலையில் மீண்டும் வாசித்துப் பார்க்குமாறு பதில் எழுதினோம்.