பாட்டி கண்ணில் வடியும் நீர்

அன்புள்ள மகளே,

பாட்டிக்கு எந்நேரமும் கண்ணில் நீர் வடிகிறது, டாக்டரோ கண் வறட்சி என்கிறார், எதை நம்ப என்று கேட்டிருந்தாய். இரண்டையும் நம்பு. நெய்யாறு அணை பக்கத்திலிருக்கும் உங்கள் கள்ளிக்காட்டில் தண்ணீருக்குப் பஞ்சமில்லை. ‘வறட்சிதானே, நாலு தடவை கண்ணைக் கழுவினால் தீராதா’ என்று யோசனை சொல்பவர்களுக்கும் பஞ்சமிருக்காது. எனக்கு எரிச்சல் அவர்கள் மேல்தான். கண்ணீர் வெறும் தண்ணீர் இல்லை. விழிமேல் ஏறத்தாழ மூன்று மைக்ரான் கனத்தில் நிற்கும் படலம் அது: மேலே இமையோரச் சுரப்பிகளின் எண்ணெய், கீழே உப்பும் புரதமும் மியூசினும் கலந்த நீர். எண்ணெய் கெட்டால் நீர் சீக்கிரம் ஆவியாகிறது, மிஞ்சியதில் உப்பு ஏறுகிறது, கருவிழி எரிகிறது. எரிச்சல் தாங்காமல் கண்ணீர்ச் சுரப்பி கொட்டும் நீர் கன்னத்தில் வழியுமே தவிர, படலமாக நிற்காது.

புரதம் என்றேனே, அங்கேதான் சுவாரஸ்யம். பெனிசிலினுக்கு ஆறு வருஷம் முன்பே, 1922-இல், அலெக்ஸாண்டர் ஃபிளெமிங் லைசோசைம் என்ற புரதம் பற்றி எழுதிவிட்டார். எலுமிச்சைத் தோலைக் கண்ணருகே பிழிந்து, ஆய்வகத்துக்கு வந்தவர் போனவரிடமெல்லாம் கண்ணீர் வாங்கினார். பாக்டீரியா மண்டிக் கலங்கிய குழாயில் அந்தக் கண்ணீரில் ஒரு துளி விட்டால் கலங்கல் தெளிந்துவிடும். பாக்டீரியாச் சுவரின் சர்க்கரைச் சங்கிலியை லைசோசைம் வெட்டிவிடுகிறது. பெனிசிலின் புகழில் இது மங்கிப்போனது அநியாயம் என்பேன். கூடவே லாக்டோஃபெரின், கிருமிக்கு வேண்டிய இரும்பைப் பிடித்துவைத்துப் பட்டினி போடுகிறது. எரிச்சலில் பெருகும் கண்ணீரிலும் இவ்விரண்டின் செறிவு பெரிதாகக் குறைவதில்லை. ஐஜிஏ என்ற எதிர்ப்புப் புரதம்தான் நீர்த்துப்போகிறது. ஷோக்ரன் நோயில் கதை வேறு: உடம்பின் எதிர்ப்புச் சக்தியே கண்ணீர்ச் சுரப்பியைத் தாக்குவதால் லைசோசைமும் லாக்டோஃபெரினும் சேர்ந்தே சரிகின்றன. குழாய்த் தண்ணீர் இதில் எதைத் திருப்பித் தரும்?

இத்தனை காவல் இருந்தும் ரப்பர்த் தோட்டத்தில் சுள்ளி கீறிய கண் ஏன் புண்ணாகிறது என்று கேட்பாய். மதுரை அரவிந்த் மருத்துவமனையின் 1997 ஆய்வில், பரிசோதனையில் கிருமி வளர்ந்த கருவிழிப் புண்களில் ஏறத்தாழப் பாதி பூஞ்சையால் வந்தவை. பூஞ்சையின் சுவர் பாக்டீரியாச் சுவர் போன்றதல்ல. கருவிழியின் மேல்தோலும் கிழிந்துவிட்டால் லைசோசைம் தனியாக என்ன செய்யும்? தாய்ப்பாலிலும் இதே புரதங்கள் உண்டே என்று அதைக் கண்ணில் விடச் சொல்லும் கெட்டிக்காரர்கள் இருக்கிறார்கள். உண்டுதான். ஆனால் அது கிருமி நீக்கிய மருந்தல்ல, கிருமிக்குப் பிடித்த சர்க்கரையும் அதில் இருக்கிறது. புண்ணான கண்ணில் விடவே கூடாது. கடையில் விற்கும் செயற்கைக் கண்ணீரில் பொதுவாக இந்தப் புரதங்கள் கிடையாது. அப்படியும் சுகம் தருவது, ஏறிய உப்பைத் தணித்துச் சற்று நேரம் படலமாக நிற்பதால். அதனால்தான் அடிக்கடி விட வேண்டியிருக்கிறது.

அடுத்த முறை பாட்டியோடு நீயும் போ. கீழிமையின் வெளியோரத்தில், கண்ணீரை அளக்கும் ஷர்மர் தாளை மடித்துச் செருகி ஐந்து நிமிஷம் வைப்பார்கள். ஐந்து மில்லிமீட்டர்கூட நனையவில்லை என்றால் கண்ணீர்ச் சுரப்பிக் கோளாறு. ஷோக்ரன் உண்டா என்று கேள். தாராளமாக நனைந்தால், இமையோரத்தை அழுத்திப் பார்க்கச் சொல். தெளிந்த எண்ணெய் வராமல் பற்பசை மாதிரி கெட்டியாக வந்தால், பாட்டிக்கு வேண்டியது மூடிய இமைமேல் இளஞ்சூட்டு ஒத்தடம்.

அன்புடன்,
சார்