தீபாவளி போனஸை ஆறு மாதம் எங்கே வைக்கலாம்?

ஆமத்தூர், சிவகாசி பக்கம் பட்டாசு ஆலை வேலைக்குப் போகிறவர்களுக்குப் போனஸ் கைக்கு வருவது தீபாவளியை ஒட்டித்தான். அதன்பின் ஆலைகள் திரும்பத் திறக்கும் வரை வாரச் சம்பளம் இருக்காது. ஜூனில் பள்ளிக் கட்டணமும் கட்ட வேண்டும். பணத்தை வீட்டிலேயே வைத்தால் "கையில இருந்தா கரைஞ்சிடும்" என்பது உங்களுக்கே தெரியும்.

உங்களிடம் ரூ.40,000 இருப்பதாக வைத்துக்கொள்வோம்.

அஞ்சலகச் சேமிப்புக் கணக்கு: ரூ.500 இருந்தால் தொடங்கலாம். ஆண்டு வட்டி 4 சதவீதம். ஆறு மாதத்துக்குச் சுமார் ரூ.800 கிடைக்கும். ஒரு மாதத்தில் 10-ஆம் தேதி முதல் கடைசி நாள் வரை கணக்கில் இருந்த மிகக் குறைந்த தொகைக்குத்தான் அந்த மாத வட்டி. அதனால் 10-ஆம் தேதிக்குள் போட்டுவிடுங்கள். பணம் எடுப்பதாக இருந்தால், முடிந்தால் மாதம் முடிந்ததும் எடுங்கள்.

வங்கி வைப்புத்தொகை (எஃப்.டி.): 7 நாள் முதல் போடலாம். வட்டி வங்கிக்கு வங்கி மாறும். 6 சதவீதம் என்றால் ஆறு மாதத்துக்கு ரூ.1,200. இடையில் எடுத்தால் வட்டி குறையும். மொத்தத்தையும் ஒரே ரசீதாகப் போடாமல் இரண்டு, மூன்றாகப் பிரித்துப் போட்டால், அவசரத்துக்கு ஒன்றை மட்டும் உடைக்கலாம்.

அஞ்சலக ஓராண்டு வைப்பு: ஆறு மாதம் முடியும் முன் எடுக்க முடியாது. அதன்பிறகு, ஓராண்டுக்குள் எடுத்தால் சேமிப்புக் கணக்கின் வட்டிதான். சில மாதத் தேவைக்கு இது பொருந்தாது.

எது நல்லது?

வேலையில்லாத வாரங்களின் செலவுக்கு ரூ.10,000-ஐச் சேமிப்புக் கணக்கில் விடுங்கள். மீதி ரூ.30,000-ஐ ஆறு மாத எஃப்.டி.யாகப் பிரித்துப் போடுங்கள். பள்ளி திறக்கும்போது முழுத் தொகையும் வட்டியோடு கைக்கு வரும்.

பாதுகாப்பு முக்கியம்

வங்கியில் ஒருவர் போட்ட பணத்துக்கு, வட்டியும் சேர்த்து, ஒரு வங்கிக்கு ரூ.5 லட்சம் வரை வைப்புத்தொகைக் காப்பீடு உண்டு. அஞ்சலகப் பணத்துக்கு மத்திய அரசே பொறுப்பு. தனியார் நிதி நிறுவனத்துக்கோ, தெரிந்தவர் நடத்தும் தீபாவளிச் சீட்டுக்கோ இந்தக் காப்பீடு கிடையாது.

மேலே பாருங்கள்: இரண்டு வழிகளுக்கும் உள்ள வித்தியாசம் ரூ.400. யாராவது "மாசம் 10 வட்டி தர்றோம்" என்றால், அந்த ஆசைக்கு ரூ.40,000-மே போகலாம். ஏமாந்தால் மாவட்டப் பொருளாதாரக் குற்றப்பிரிவில் புகார் கொடுங்கள். 1997-ஆம் ஆண்டு முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் இதற்காகவே இருக்கிறது.

செல்போனில் எஃப்.டி. போடுவதாக இருந்தால் உங்கள் வங்கியின் சொந்தச் செயலியில் மட்டும் போடுங்கள். வாட்ஸ்அப்பில் வரும் இணைப்பைத் தொடாதீர்கள். ஓ.டி.பி.யை யாரிடமும் சொல்லாதீர்கள். பணம் பறிபோனால் தாமதிக்காமல் 1930-க்கு அழையுங்கள்.