மூக்கை மீட்பதும் மூக்கைத் திருத்துவதும்

நம்பிக்கை: பிளாஸ்டிக் சர்ஜரி, காஸ்மெடிக் சர்ஜரி எல்லாம் ஒன்றுதான். நடிகைகள் அழகுக்காகச் செய்துகொள்வது.

சினிமா கிசுகிசு படித்தே வளர்ந்த நமக்கு அப்படித்தான் தோன்றும். சென்னை கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனையின் தீக்காயப் பிரிவைப் பார்த்தவர்களுக்குத் தோன்றாது. தீப்பட்ட கழுத்தில் தழும்பு இறுகினால் தாடை நெஞ்சை நோக்கி இழுபட்டு, தலை நிமிர்த்த முடியாமல் போகும். அந்தத் தழும்பை விடுவித்து, தொடையிலிருந்து எடுத்த தோலை அங்கே ஒட்டுவது பிளாஸ்டிக் சர்ஜன். அண்ணப் பிளவைச் சேர்ப்பது, புற்றுநோயால் இழந்த மார்பகத்தை மீண்டும் உருவாக்குவது, துண்டான விரலைப் பொருத்துவது எல்லாம் அவர் வேலைதான். இதற்கு மறுசீரமைப்பு என்று பெயர். குறையில்லாத உறுப்பை விருப்பப்படி மாற்றுவது காஸ்மெடிக் சர்ஜரி. அது இதே துறையின் ஒரு கிளை.

ஆனால் கோடு எப்போதும் நேராக விழுவதில்லை. 1940களின் பிற்பகுதியில் வேலூர் சி.எம்.சி.யில் டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயால் மடங்கிப்போன விரல்களைத் தசைநாண் மாற்றி இயங்க வைத்தார். கை சரியான பிறகும் முகத்தைப் பார்த்தே வேலை தர மறுத்தார்கள். அதனால் அமுங்கிய மூக்கும் உதிர்ந்த புருவமும் சீராக்கப்பட்டன. புருவம் இல்லாமலும் உயிர் வாழலாம்தான். பிழைப்பு நடத்த முடியவில்லையே! அதை வெறும் அழகு வேலை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

நம்பிக்கை: இது மேல்நாட்டு இறக்குமதி.

கன்னத்துத் தோலைக் கொண்டு மூக்கு அமைக்கும் முறை சுஸ்ருத சம்ஹிதையிலேயே உண்டு. மைசூர்ப் போரில் மூக்கறுபட்ட ஒரு மாட்டு வண்டிக்காரருக்கு, புனே பக்கத்து வைத்தியர் நெற்றித் தோலை இறக்கி மூக்கு வைத்த செய்தி 1794இல் லண்டன் பத்திரிகையில் வெளியானது. அந்த முறையைப் பின்பற்றி ஜோசப் கார்ப்யூ என்ற மருத்துவர் லண்டனில் 1814இல் அறுவை செய்தார்.

நம்பிக்கை: தழும்பே தெரியாது.

தெரியும். தோலின் ஆழம்வரை கத்தி பட்டால் தழும்பு விழும். அதைத் தோல் மடிப்புக்குள்ளோ முடி ஓரத்திலோ மறைப்பதுதான் கைத்திறன்.

நம்பிக்கை: 'காஸ்மெடிக் சர்ஜன்' என்று போர்டு இருந்தால் போதும்.

ஏமாறும் இடம் இதுதான். பிளாஸ்டிக் சர்ஜன் என்பவர் எம்.பி.பி.எஸ்., எம்.எஸ். முடித்து, அதற்கு மேலும் மூன்றாண்டு எம்.சிஎச். படித்தவர், அல்லது இணையான தேசிய வாரியப் பட்டம் பெற்றவர். போர்டில் எழுத பெயிண்ட் போதும். சென்னையில் 2016இல் முடி நடும் சிகிச்சைக்குப் போன இளைஞர் ஒருவர் உயிரிழந்தார். அவரே மருத்துவ மாணவர். பயிலரங்கிலோ யூடியூபிலோ பார்த்துவிட்டு அழகியல் சிகிச்சையில் இறங்குவது போதிய பயிற்சியாகாது என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022இல் சொல்ல வேண்டியிருந்தது என்றால், நிலைமையை ஊகித்துக்கொள்ளுங்கள். கட்டணம் கேட்கும் முன் பட்டத்தைக் கேளுங்கள். மயக்க மருந்து யார் கொடுப்பார், அவசரமானால் எங்கே கொண்டுபோவார்கள் என்றும் கேளுங்கள். முகம் சுளிக்கிற இடமென்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

நம்பிக்கை: பிளாஸ்டிக் சர்ஜரி என்றாலே காப்பீடு கிடையாது.

தோற்றத்தை மாற்ற மட்டும் செய்வதற்குக் கிடையாது. விபத்து, தீக்காயம், புற்றுநோய் ஆகியவற்றுக்குப் பிந்தைய மறுசீரமைப்புக்கும், உடல்நல ஆபத்தை நீக்கத் தேவையான அறுவைக்கும் அந்த விலக்கு பொருந்தாது. பாலிசியின் விலக்குப் பட்டியலிலேயே இது அச்சாகியிருக்கும், நாம்தான் படிப்பதில்லை. அறுவை ஏன் அவசியம் என்பதை மருத்துவரிடம் முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.