மஞ்சள் குஞ்சு வெள்ளைக் கோழியாகுமா?

அண்ணாகிராமம் ஒன்றியத்தில், பண்ருட்டியை ஒட்டிய ஊர்களில், அடை வைத்த இருபத்தோராம் நாள் கூடையைத் திறந்ததுமே நிறக் கணக்கு தொடங்கிவிடும். இது வெள்ளை, இது செவலை, இது கருப்பு என்று பக்கத்து வீட்டு அத்தை விரல் நீட்டிச் சொல்வார். அது வெறும் வேடிக்கைப் பேச்சு இல்லை. குலதெய்வத்துக்குக் கருஞ்சேவல் நேர்ந்துகொண்டவர் கருப்புக் குஞ்சைப் பார்த்து முன்பணம் கொடுத்துவிட்டுப் போவார். ஆறு மாதத்தில் அதன் கழுத்தில் பொன்னிறம் இறங்கியிருந்தால், குஞ்சை மாற்றிவிட்டாள் என்ற பழி வளர்த்த பெண்மேல் விழும். அந்தப் பழி நியாயமில்லை என்று சொல்லத்தான் இந்தப் பக்கம்.

நம்பிக்கை: மஞ்சள் குஞ்சு வளர்ந்தால் வெள்ளைக் கோழி.

முட்டைப் பண்ணையில் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது சரிதான். வெள்ளை லெகார்ன் குஞ்சு மஞ்சளாகப் பிறந்து வெள்ளையாக வளர்கிறது. கருப்பு நிறமியைத் தடுக்கும் மரபணு அதற்கு உண்டு. தாய், தந்தை இருவரில் ஒருவரிடமிருந்து வந்தாலே அது வேலை செய்யும். ஆனால் கருப்பைத் தடுக்கிற அளவுக்கு அது சிவப்பைத் தடுப்பதில்லை. லெகார்ன் ரத்தம் கலந்த நாட்டுக்கோழி சிலவற்றின் தோளிலும் நெஞ்சிலும் செம்மண் தெளித்தாற்போல் நிறம் தெரிவது இதனால்தான்.

அசில் என்ற சண்டைக்கோழி இனத்தின் வழி வந்த கோழிகளில் கதையே வேறு. அங்கே வெளிர்மஞ்சளாகப் பிறக்கும் குஞ்சு சேவலாக இருந்தால், நெஞ்சு கருத்து முதுகு சிவந்து நிற்கும். பெட்டையாக இருந்தால் கோதுமை நிறம் வரும். கூடையில் பக்கத்துப் பக்கத்தில் கத்தும் இரண்டு மஞ்சள் குஞ்சுகளில் ஒன்று வெள்ளைப் பெட்டையாகலாம், மற்றது செவலைச் சேவலாகலாம்.

நம்பிக்கை: முதுகில் கோடு போட்ட குஞ்சுகள் எல்லாம் ஒரே நிறத்தில் வளரும்.

அணில்போல் முதுகில் கோடு போட்ட குஞ்சுதான் எனக்கு மிகவும் பிடித்தது. நம் வீட்டுக் கோழிகளின் மூதாதையான சிவப்புக் காட்டுக்கோழியின் குஞ்சு இப்படித்தான் இருக்கும். சருகுக்கு நடுவே பருந்தின் கண்ணில் படாமல் ஒளிந்துகொள்ள அமைந்த நிறம் அது. ஆனால் கோட்டுக்குஞ்சுகள் வளரும்போது இரண்டு வழியாகப் பிரிகின்றன. சேவலுக்குப் பொன்கழுத்து, கருநெஞ்சு, செம்முதுகு. பெட்டைக்கு மண்ணோடு மண்ணாகத் தெரியும் பழுப்பு.

இந்தப் பிரிவைச் செய்வது பெட்டையின் சூலகத்தில் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன். அது இருக்கும்வரை பெட்டைக்குரிய இறகு முளைக்கும். இல்லாமல் போனால் சேவல் இறகு முளைக்கும். நோயால் சூலகம் கெட்டுப்போன வயதான பெட்டை அடுத்த முறை இறகு உதிர்த்து முளைக்கும்போது சேவல் கோலம் கொள்ளும், சிலசமயம் கூவவும் செய்யும். பெட்டை கூவினால் வீட்டுக்கு ஆகாது என்று அதை அன்றே அறுத்துவிடுகிறோம். பாவம், அது நோய்ப்பட்ட கோழி. அதன் குரலில் எந்தச் சகுனமும் இல்லை.

நம்பிக்கை: கருப்புக் குஞ்சு என்றால் கருங்கோழி.

இதில்தான் பணம் அதிகம் போகிறது. மத்தியப் பிரதேசத்து ஜாபுவாவின் கருங்கோழியான கடக்நாத் 2018இல் புவிசார் குறியீடு பெற்றது. அந்தப் பெயரைச் சொல்லிக் கண்ட கருப்புக் குஞ்சையும் விற்கிறார்கள். மயிரைக் கருப்பாக்கும் மரபணு வேறு, தோலையும் தசையையும் கருப்பாக்கும் மரபணு வேறு. சில்க்கி என்ற சீன இனத்தில் வெண்பஞ்சு போன்ற இறகுக்குள் கருந்தோல் இருக்கிறது. ஆகவே வாங்கும்போது காலையும் அலகையும் பாருங்கள். வயிற்று மயிரை ஊதி விலக்கித் தோலைப் பாருங்கள். சாதாரணக் கருப்புக் குஞ்சுக்கு அடிவயிறும் இறக்கை நுனியும் வெளுத்திருப்பது வழக்கம். அந்த வெளுப்பு வளர்ந்ததும் போய்விடும். கலப்பில் பிறந்த கருப்புச் சேவலுக்குப் பருவத்தில் கழுத்திலும் முதுகிலும் பொன்னிறம் எட்டிப்பார்ப்பதும் உண்டு. அதைப் பிறந்த அன்று யாராலும் சொல்ல முடியாது.

நம்பிக்கை: குஞ்சின் நிறத்தைப் பார்த்தே சேவலா பெட்டையா என்று சொல்லிவிடலாம்.

எல்லாக் கோழியிலும் முடியாது. திட்டமிட்டுச் சேர்த்த ஜோடியில் முடியும். ரோட் ஐலண்டு சிவப்புச் சேவலை வரிபோட்ட பிளைமவுத் ராக் பெட்டையோடு சேர்த்தால், உச்சந்தலையில் வெள்ளைப் பொட்டோடு பிறப்பவை சேவல்கள், பொட்டில்லாதவை பெட்டைகள். வரி மரபணு பாலினக் குரோமோசோமில் இருப்பதால் தாய் அதை மகன்களுக்கு மட்டுமே தருகிறாள். முதல் உலகப் போரில் தீனி தட்டுப்பட்டபோது, சேவல் குஞ்சுகளை முதல் நாளே பிரித்துவிட இப்படிப்பட்ட நிற அடையாளத்தைப் பயன்படுத்தலாம் என்று இங்கிலாந்தின் மரபியலாளர் பன்னெட் யோசனை சொன்னார். ஜோடியைத் திருப்பி, வரிச்சேவலோடு சிவப்புப் பெட்டையைச் சேர்த்தால் எல்லாக் குஞ்சுக்கும் பொட்டு வந்துவிடும். நம் தெருவில் மேயும் கலப்புக் கோழியில் தலைப்பொட்டை நம்பி விலை பேசாதீர்கள்.

திருவிழாவில் விற்கும் ரோஜா நிற, பச்சை நிறக் குஞ்சுகளைப் பற்றிக் குழந்தைகளுக்கு உண்மையைச் சொல்லிவிடுங்கள். அது பஞ்சுமயிரில் ஏற்றிய சாயம். இறகு முளைத்ததும் போய்விடும். பெரும்பாலும் அவை பண்ணைக்கு வேண்டாத முட்டையினத்துச் சேவல் குஞ்சுகள்.

கடைசியாக, பழியின் வேருக்கு வருகிறேன். சேவலும் பெட்டையும் கருப்பாக இருந்தும் வெள்ளைக் குஞ்சு பிறந்ததென்றால் கள்ளச் சேவல் என்று பொருளில்லை. வெள்ளையில் ஒளிந்திருக்கும் வகையும் உண்டு. தாயும் தந்தையும் ஆளுக்கொரு பங்கை வெளியே காட்டாமல் சுமந்திருப்பார்கள். நீலச்சாம்பல் சேவலும் அதே நிறப் பெட்டையும் சேர்ந்தால் சராசரியாகப் பாதிக் குஞ்சுதான் சாம்பல். கால் பங்கு கருப்பு, கால் பங்கு வெளுப்பில் திட்டு. அதோடு, பெட்டை சேவலின் விந்தை உடலுக்குள் இரண்டு மூன்று வாரம் காத்துவைக்கும். சேவலை நேற்று மாற்றியிருந்தாலும் இன்றைய முட்டையில் பழைய சேவலின் குஞ்சு இருக்கலாம். குறிப்பிட்ட நிறம் வேண்டுமென்றால் சேவலை மாற்றி மூன்று வாரம் கழித்து வரும் முட்டையைத்தான் அடைக்கு எடுக்க வேண்டும்.

நேர்ச்சைக்குக் கருஞ்சேவல் தேடுபவருக்கு ஒன்று சொல்வேன். கூடை திறந்த அன்று முன்பணம் கொடுக்காதீர்கள். முதல் வாரத்தில் இறக்கையில் முளைப்பதும், ஆறாம் வாரத்தில் உடலை மூடுவதும் குஞ்சுப்பருவ இறகுதான், அதுவும் உதிரும். ஐந்தாம் மாதம் வாருங்கள். கழுத்து இறகு கூர்ந்து நீண்டு, வால் வளைந்த பிறகு வெயிலில் நிறுத்திப் பார்த்து, வளர்த்த பெண்ணிடம் அப்போது விலை பேசுங்கள்.