அந்தத் தீவு மூழ்கட்டும்

அன்புள்ள தம்பி,

உன் கடிதமும் அதோடு நீ வரைந்து அனுப்பிய படமும் கிடைத்தன. நளபனாத் தீவின் ஓரங்களில் மண் கொட்டி உயர்த்தி, மேட்டில் மரமும் நட்டுவிட்டால் மழைக்காலத்தில் தீவு தண்ணீருக்குள் போகாது, பறவைகளுக்கு ஆண்டு முழுவதும் இடம் இருக்கும் என்று எழுதியிருக்கிறாய். வேலையில் சேர்ந்த சில மாதங்களிலேயே அந்தத் தீவுக்காக இவ்வளவு தவிக்கிறாயே என்று மனம் நிறைந்தது. தவிப்பு அப்படியே இருக்கட்டும். திட்டத்தை மட்டும் கைவிடு.

நளபனா மூழ்கத்தான் வேண்டும். ஒடிசாவின் சிலிகா ஏரிக்குள் 15.53 சதுர கிலோமீட்டர் பரந்து கிடக்கும் அந்தச் சேற்றுத் திட்டை 1987இல் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள். நாம் காக்க வேண்டியது அந்த நிலத்தை மட்டுமல்ல, ஆண்டுக்கு ஒருமுறை அது நீருக்குள் போய்த் திரும்பி வருவதையும்தான்.

மழைக்காலத்தில் தயா, பார்கவி போன்ற ஆறுகள் மகாநதியின் நன்னீரைக் கொண்டுவந்து கொட்டுகின்றன. கோடையில் ஏறக்குறைய 900 சதுர கிலோமீட்டராக இருக்கும் ஏரி, 1,100 சதுர கிலோமீட்டருக்கு மேல் விரிகிறது. தீவு காணாமல் போகிறது. அந்த மாதங்களில் அங்கே ஒன்றும் நடக்கவில்லை என்று நினைத்துவிடாதே. வண்டல் படிகிறது, நீர்த்தாவரங்கள் தழைக்கின்றன, சேற்றுக்குள் புழுவும் நத்தையும் சிப்பியும் பெருகுகின்றன. பருவம் ஓய்ந்து நீர் வடியத் தொடங்கும்போது இத்தனையும் ஒரே நாளில் வெளிப்படுவதில்லை. விளிம்பு விளிம்பாகத் திறக்கிறது. முழங்கால் ஆழத்துக்கும் குறைவான நீரில் ஊசிவால் வாத்தும் தட்டைவாயனும் மேயும். இன்னும் வடிந்த இடத்தில் கருவால் மூக்கன் தன் நீண்ட அலகை அடிவரை இறக்கித் துழாவும். ஈரம் மட்டும் மிஞ்சிய இடத்தில் சின்ன உள்ளான்கள் ஓடி ஓடிப் பொறுக்கும். எந்தப் பறவைக்கு எந்த இடம் என்பதைச் சில அங்குல நீர்தான் தீர்மானிக்கிறது. அண்மை ஆண்டுகளின் ஜனவரிக் கணக்கெடுப்புகளில் சிலிகா முழுவதும் 10 லட்சத்துக்கும் மேல் பறவைகள் எண்ணப்பட்டிருக்கின்றன. நளபனாவில் மட்டும் 3 லட்சத்துக்கும் மேல். அவ்வளவு கூட்டமும் ஒரே திட்டில் பசியாறுவது இந்தப் படிப்படியான வடிதலால்தான்.

மேட்டை உயர்த்தினால் என்ன ஆகும்? காய்ந்த மண் ஆகும். புதர் முளைக்கும். திறந்த வெளியில் நாலாபுறமும் பார்த்து இரை தேடும் பறவைக்கு மரம் ஒரு மறைப்பு. அதில் பருந்து உட்காரும். சீமைக்கருவேலம் கோடியக்கரையில் எப்படிப் பரவியது என்பதை நீயே பார்த்தவன். நட்டுவிடுவது எளிது தம்பி, பிடுங்குவதற்குத்தான் ஒரு தலைமுறை போதாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நளபனாவின் தலையெழுத்து நளபனாவில் எழுதப்படுவதில்லை. ஏரி கடலோடு சேரும் முகத்துவாரத்தில் எழுதப்படுகிறது. சிலிகா 1981இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. பன்னிரண்டே ஆண்டுகளில், 1993இல், ஆபத்துக்கு உள்ளான ஈரநிலங்களின் மான்ட்ரூ பதிவேட்டுக்குப் போனது. தீவில் அப்போது காவல் இல்லாமல் போகவில்லை. கடற்கரை ஓரமாக நகரும் மணல் முகத்துவாரத்தைத் தள்ளிக்கொண்டே போனது. கால்வாய் நீண்டு தூர்ந்தது. கடல்நீர் உள்ளே வரவில்லை. உப்பு குறைந்ததும் நன்னீர்க் களைகள் ஏரியை மூடின, மீன்பாடு விழுந்தது. சிலிகா வளர்ச்சி ஆணையம் நீரோட்டத்தையும் வண்டலையும் ஆராய்ந்து, 2000 செப்டம்பரில் சிபகுடா அருகே புதிய முகத்துவாரத்தை வெட்டித் திறந்தது. களை பின்வாங்கியது, மீன் திரும்பியது, 2002இல் ஏரி அந்தப் பதிவேட்டிலிருந்து நீங்கியது. பறவையியல் படித்த நமக்கு இதில் பெரிய பாடம் இருக்கிறது என்றே நினைக்கிறேன். தீவைக் காப்பாற்றியவர்களில் முதல் வரிசையில் நிற்பவர்கள் மணலையும் அலையையும் அளந்தவர்கள். அவர்களிடம் போய் உட்கார். அலை ஏற்றவற்ற அட்டவணையைப் படிக்கக் கற்றுக்கொள். வெட்டியதோடு வேலை முடிந்துவிடவும் இல்லை. 2019 மே மாதம் ஃபானி புயல் மணல்திட்டைப் பிளந்து புதிய முகத்துவாரங்களைத் திறந்துவிட்டது. உப்பு குறைந்தாலும் கேடு, கூடிக்கொண்டே போனால் நாணலுக்கும் நன்னீர் மீனுக்கும் கேடு.

அடுத்து மனிதர்கள். ஏரியை நம்பி ஏறக்குறைய 2 லட்சம் மீனவர்கள் வாழ்கிறார்கள். அவர்களை நீ அறிக்கையில் 'இடையூறு' என்ற தலைப்பின் கீழ் எழுதிவிடக் கூடாது. இறால் விலை ஏறியபோது பணம் படைத்தவர்கள் ஏரிக்குள்ளேயே மூங்கிலும் வலையும் கட்டி வளைத்துக்கொண்டார்கள். பரம்பரை மீனவர்கள் தங்கள் தண்ணீரிலேயே வழியின்றி நின்றார்கள். நாகை வட்டாரத்தில் நிலமற்றோருக்காகப் பாடுபட்ட சர்வோதயத் தலைவர் எஸ். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில்தான், 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சிலிகாவுக்கும் நம் பழவேற்காட்டுக்கும் 1,000 மீட்டருக்குள் இறால் பண்ணைகள் அமைக்கக் கூடாது என்றது. தீர்ப்பு வந்த பிறகும் வளைப்புகள் நீங்கவில்லை. அவற்றை அகற்றக் கிளம்பிய போராட்டத்தின் தொடர்ச்சியாக 1999 மே மாதம் சோரானா கிராமத்தில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் நான்கு பேர் இறந்தார்கள். அந்த ஊர்க்காரர்களிடம் பேசும்போது இது உன் நினைவில் இருக்க வேண்டும். ஒடியா மொழியைப் பிழையோடாவது பேசு.

ஏரிக்கரையில் உள்ள மங்களாஜோடிக்குக் கட்டாயம் போ. வலை வைத்தும் விஷம் வைத்தும் பறவை பிடித்து விற்ற ஊர் அது. பிடித்தவர்களே காவல் குழு அமைத்து, இன்று கழி ஊன்றிப் படகு தள்ளிப் பறவை காட்டிப் பிழைக்கிறார்கள். சதுப்பில் எந்தப் பறவை எந்த நேரத்தில் எங்கே இறங்கும் என்று அவர்களுக்குத் தெரிந்த அளவு என் போன்றவர்களுக்குத் தெரியாது. வேட்டைக்காகச் சேர்த்த அறிவு அது. அதைக் கேட்டு எழுதிக்கொள்ள வெட்கப்படாதே. எழுதும்போது சொன்னவர் பெயரையும் சேர்த்து எழுது.

தீவை நெருங்கும்போது எஞ்சினைத் தொலைவிலேயே நிறுத்திவிடு. நல்ல படம் வேண்டும் என்று கேட்பவர்கள் வருவார்கள், அதிகாரிகளின் விருந்தினர்களும் வருவார்கள். ஆயிரக்கணக்கில் பறவைகள் ஒருசேர எழும்புவது கண்ணுக்கு அழகுதான். ஆனால் பட்டைத்தலை வாத்து வசந்தத்தில் இமயத்தைத் தாண்டத் தேவையான கொழுப்பை இந்தச் சேற்றோரத்தில்தான் சேர்க்கிறது. நாம் கிளப்பிவிடும் ஒவ்வொரு முறையும் அதில் கொஞ்சம் எரிந்து போகிறது. புறப்பாட்டுக்கு முந்தைய வாரங்களில் இன்னும் கண்டிப்பாக இரு. 'முடியாது' என்று சொல்லும்போது குரலை உயர்த்தாதே, காரணத்தைச் சொல். பெரும்பாலானோர் புரிந்துகொள்வார்கள், புரிந்துகொள்ளாதவர்களிடமும் முடியாதுதான்.

உன் பதிவேட்டில் பறவை எண்ணிக்கைக்குப் பக்கத்தில் நீர்மட்டம், உப்பளவு, எந்த விளிம்பு எந்தத் தேதியில் வெளிப்பட்டது என்ற மூன்றையும் எழுத இடம் விடு. வெறும் எண்ணிக்கையை வைத்துக்கொண்டு அடுத்த ஆண்டு குறைந்தது ஏன் என்று யாரும் சொல்ல முடியாது. பறவைகள் தங்களுக்குப் பிடித்த இன்னொரு கரைக்குப் போயிருக்கலாம், நீர் தாமதமாக வடிந்திருக்கலாம், வடக்கே அவை முட்டையிட்ட இடத்திலேயே பருவம் பொய்த்திருக்கலாம்.

ஆகஸ்டிலும் போய் வா. அப்போது பார்க்க ஒன்றும் இல்லை என்று படகுக்காரர் சொல்வார். தீவு இருந்த இடத்துக்கு மேலே படகை நிறுத்தி ஆழத்தை அள, அடிச்சேற்றை எடுத்துப் பார், உயிருள்ளவற்றை எண்ணிக்கொண்டு திருப்பிவிடு. அந்தக் கணக்கை எனக்கு அனுப்பு. ஜனவரித் தொகை வந்ததும் இரண்டையும் சேர்த்து வைத்துப் பேசுவோம்.

அன்புடன்,
உன் அண்ணன்